மூன்று வரி மாற்றத்துக்கு ஒரு முழு நாள்

கேள்வி: ஒன்பது வருடமாக புரோகிராமராக வேலை பார்க்கிறேன், பேக்எண்ட். ஐந்து பேர் இருந்த டீமில் இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், ஒருவரை வேறு புராஜெக்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள், இப்போது நானும் ஒரு ஜூனியரும்தான் மிச்சம். வாரம் மாற்றி வாரம் ஆன்-கால்: ராத்திரியிலும் சிஸ்டத்தில் கோளாறு என்று அலர்ட் வந்தால் எழுந்து சரிசெய்ய வேண்டும். ஜூனியருடைய வாரத்திலும் அலர்ட் வந்தால் அவர் என்னைத்தான் எழுப்புகிறார். நான்கைந்து மாதமாக எடிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் மூன்று வரி மாற்றத்துக்கு ஒரு முழு நாள் ஆனது. பத்து நாள் லீவு எடுத்துப் பார்த்தேன்; திரும்பி வந்த இரண்டாவது நாளே பழைய கதை. முன்பெல்லாம் ராத்திரியில் எனக்காக ஏதாவது எழுதிப் பார்ப்பேன், இப்போது வேலை முடிந்தால் லேப்டாப்பைத் தொடவே பிடிக்கவில்லை. பாதி புரோகிராம் கோடை ஏஐதான் எழுதுகிறது, நான் சரிபார்க்கிறேன், அதுவும் சலிப்பாக இருக்கிறது. போன மாதம் ஜூனியர் எழுதியதைச் சரிபார்க்கும் கோடு ரிவியூவில் எல்லோரும் பார்க்கும்படி மோசமாக ஒன்று எழுதிவிட்டேன், அன்றிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை. நான் சோம்பேறி ஆகிவிட்டேனா? இந்தத் தொழிலையே விட்டுவிடலாமா? மேனேஜரிடம் சொன்னால் பலவீனம் என்று நினைப்பாரோ என்று பயமாகவும் இருக்கிறது. (பெயர் வேண்டாம்.)

பதில்:

சோம்பேறிக்கு இப்படி ஒரு கடிதம் எழுத வராது. அவர் அந்த மூன்று வரியை நாளைக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாகப் படுத்துத் தூங்குவார். நீங்கள் ஒரு முழு நாள் அதன் எதிரிலேயே உட்கார்ந்து, வேலையும் நடக்காமல் ஓய்வும் கிடைக்காமல், அதற்குக் குற்ற உணர்ச்சியும் பட்டு, கடைசியில் எனக்குக் கடிதமும் எழுதியிருக்கிறீர்கள். எனவே அந்தக் கேள்வியை இங்கேயே மூடிவிடலாம்.

நான் மனநல ஆலோசகராக ஆவதற்கு முன் பதினோரு வருடம் கோடு எழுதிப் பிழைத்தவள். கர்சர் மினுக்கிக்கொண்டே இருக்க, ஒரே ஃபங்ஷனை ஏழு தடவை படித்துவிட்டு, ஒன்றும் மண்டையில் ஏறாமல் எட்டாவது தடவை முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிற அந்த மத்தியானங்கள் எனக்கும் தெரியும். எனக்கு வயதாகிவிட்டது, மூளை மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது.

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். டாக்டரைப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்திருந்தாலும், தூக்கத்தில் மூச்சு அடைபடும் ஸ்லீப் ஆப்னியா இருந்தாலும் கிட்டத்தட்ட நீங்கள் எழுதியிருப்பது போலவே இருக்கும்: தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், எதிலும் கவனம் நிற்காது. முதல் மூன்றும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பலமாகக் குறட்டை விடுகிறீர்கள், எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் தலை கனக்கிறது என்றால் நான்காவதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கோடில் பக் தேடுவதற்கு முன் சர்வர் ஓடுகிறதா என்று பார்ப்போமே, அது மாதிரிதான் இது. நான் பார்த்தவர்களில் சிலர் ஆறு மாதம் தியான ஆப்பில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு அதற்கப்புறம்தான் ரத்தப் பரிசோதனைக்குப் போனார்கள்.

டிப்ரெஷன் இருக்கிறதா என்பதையும் அதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அதுவும், உங்களுக்கு இருக்கிறது என்று நான் சந்தேகிக்கிற பர்ன்அவுட்டும் (வேலை அழுத்தத்தால் உள்ளே எரிந்து போவது) பாதி முகம் ஒன்றாகவே இருக்கும், இரண்டும் சேர்ந்தும் வரும். கறாரான எல்லை இல்லாவிட்டாலும் தோராயமாகப் பிரிக்க ஒரு வழி உண்டு. பர்ன்அவுட் பெரும்பாலும் வேலையைச் சுற்றித்தான் நிற்கும். வேலை இல்லாத ஒரு நாளில், பிடித்த ஆளோடு இருக்கும்போது, கொஞ்சமாவது சிரிப்பு வரும். டிப்ரெஷன் எல்லாவற்றிலும் படரும்: பிடித்த ஆள், பிடித்த பாட்டு, குழந்தையின் விளையாட்டு எதுவும் உள்ளே போகாது, பசியும் தூக்கமும் மாறிப்போகும். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் இந்தப் பதிலை நம்பி உட்காராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள், சிகிச்சை இருக்கிற விஷயம் அது. உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் இன்றைக்கே போங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

சரி, உடம்பில் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பர்ன்அவுட்டைப் பத்திரிகைகளில் பணிச்சோர்வு என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. சோர்வு என்றதுமே படுத்து எழுந்தால் போய்விடும் என்று நம் காது எடுத்துக்கொள்கிறது. நீங்களும் அப்படி எடுத்துக்கொண்டுதான் பத்து நாள் லீவு போட்டிருக்கிறீர்கள். 1974இல் இதைப் பற்றி முதலில் ஆய்விதழில் எழுதியவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் வேலை பார்த்த உளவியலாளர். சம்பளம்கூட வாங்காமல் ஆசை ஆசையாக வந்து சேர்ந்த தன்னார்வலர்கள் போகப்போக எரிச்சலும் அலட்சியமுமாக மாறுவதைப் பார்த்தார், தானும் அப்படி ஆனார். யாருக்கு வருகிறது என்று பார்த்தால், மனதைக் கொடுத்து வேலை செய்தவர்களுக்குத்தான் வருகிறது என்றார். பட்டும் படாமலும் இருப்பவர்களிடம் எரிந்து போக என்ன இருக்கிறது? ராத்திரி உட்கார்ந்து தனக்காகக் கோடு எழுதிய ஆள் நீங்கள்.

பிறகு 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அதில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உள்ளே எதுவும் மிச்சமில்லாத களைப்பு, வேலையின் மீதும் கூட இருப்பவர்கள் மீதும் வரும் கசப்பு, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம். உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். லேப்டாப்பைத் தொடப் பிடிக்கவில்லை என்பது முதலாவது, ஜூனியரிடம் எழுதியது இரண்டாவது, நான் சோம்பேறியா என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் தன் குணம் என்று நம்பிவிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில், பர்ன்அவுட் இருக்கிறது. ஆனால் அதை நோய் என்று சொல்லாமல், வேலை தொடர்பாக வருகிற ஒரு நிலை என்று வைத்திருக்கிறார்கள். சரியாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணியிட அழுத்தத்தால் வருவதாம். யாரால் கையாளப்படாத என்று அதில் இல்லை. செயப்பாட்டுவினையின் வசதியே அதுதான். கம்பெனிகள் அந்த இடத்தில் உங்கள் பெயரை எழுதிக்கொண்டு யோகா வகுப்பு வைக்கின்றன.

லீவு ஏன் வேலை செய்யவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லீவில் நன்றாகத்தான் இருந்திருப்பீர்கள், ஏழாவது எட்டாவது நாளில் பழைய மனுஷன் லேசாகத் திரும்பியிருப்பார். அதன் பலன் திரும்பி வந்த சில வாரங்களில் கரைந்துவிடும் என்பது ஆய்வுகளிலும் பார்த்த விஷயம்தான், உங்களுக்கு இரண்டே நாளில் கரைந்தது. மெமரி லீக் இருக்கிற, அதாவது எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போகிற, ஒரு புரோகிராமை ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் பிரமாதமாக ஓடும். ரீஸ்டார்ட் செய்தீர்கள், லீக் அங்கேயே இருந்தது. இப்போது மறுபடியும் லீவு கேட்கலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், எடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் லீக்கை அடைக்காமல் எடுக்கிற லீவு செலவுதான்.

லீக் எங்கே? வாரம் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை, அதைக் கவனித்தீர்களா? பெரும்பாலும் எல்லோரும் அதைத்தான் முதலில் எழுதுவார்கள். 55 மணி நேரத்தைத் தாண்டுகிறது என்றால் அது தனிப் பிரச்சினை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கில், வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம். ஆனால் உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை படித்ததில் எனக்குத் தெரிவது நேரக் கணக்கு மட்டும் இல்லை. அதில் நீங்கள் தீர்மானித்த ஒரு விஷயம்கூட இல்லை. டீமிலிருந்து மூன்று பேர் போனது, ஆன்-கால் இரண்டு பேருக்கு நடுவில் விழுந்தது, எந்த டிக்கெட் (பதிவு செய்யப்பட்ட வேலை) முதலில் என்பது, கோடை யார் எழுதுவது என்பது, ராத்திரி எப்போது எழுவது என்பது வரை எல்லாம் உங்களுக்கு நடந்தவை. 1979இல் ராபர்ட் காரசெக் என்ற ஆய்வாளர் எழுதினார், ஆளை வாட்டுவது வேலைப் பளு மட்டும் அல்ல, பளு அதிகமாகவும் அந்த வேலையில் தன் சொல்லுக்கு இடம் குறைவாகவும் இருக்கிற சேர்க்கை என்று. இதே பளுவைத் தன் சொந்த புராஜெக்ட்டில் விரும்பிச் சுமக்கிற ஆட்கள் ராத்திரி இரண்டு மணிக்கும் கண் மின்ன உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள், ஒரு காலத்தில் நீங்களே அப்படி இருந்தவர்தான்.

நம் தொழிலுக்கே உரிய சில விஷயங்கள் இதில் சேர்கின்றன. மேசை செய்பவர் ஒரு நாள் மேசையை முடித்துக் கொடுத்துவிடுவார். நாம் முடித்ததாக நினைப்பது அடுத்த வாரம் டிக்கெட்டாகத் திரும்பி வரும். நன்றாக வேலை செய்தால் ஒன்றும் நடக்காது, சர்வர் விழவில்லை என்று யாரும் கைகுலுக்க மாட்டார்கள். வேலையை இரண்டு வாரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஸ்பிரின்ட் என்கிறோம். ஸ்பிரின்ட் என்றால் குறுந்தூர ஓட்டம், வருடத்துக்கு இருபத்தாறு குறுந்தூர ஓட்டத்தை நடுவில் மூச்சு வாங்காமல் ஓடச் சொல்கிறார்கள். (இந்த மாதிரி முறைகளை உருவாக்கியவர்கள் சேர்ந்து எழுதிய 2001ஆம் ஆண்டு அஜைல் அறிக்கையின் கொள்கைகளிலேயே, காலவரையின்றித் தொடரக்கூடிய சீரான வேகம் வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. ஸ்டாண்ட்-அப் என்ற தினசரிக் குறுங்கூட்டத்தை எடுத்துக்கொண்டார்கள், அந்த வரியை விட்டுவிட்டார்கள்.)

அப்புறம் அந்த ஏஐ. நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. கோடு எழுதுவதில் இரண்டு பங்கு உண்டு, உருவாக்குகிற பங்கு, சரிபார்க்கிற பங்கு. முதலாவதில்தான் ருசி. யோசித்து, தடுமாறி, சட்டென்று புரிந்து, டெஸ்ட் பாஸாகிப் பச்சையாகும்போது வருகிற அந்தச் சின்ன சந்தோஷம் உங்களுக்குச் சம்பளத்தைவிடப் பெரிய கூலியாக இருந்தது. இப்போது அது இயந்திரத்துக்குப் போய்விட்டது, உங்களிடம் வந்திருப்பது பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை, அதுவும் தப்பைக்கூடத் தன்னம்பிக்கையோடு எழுதுகிற மாணவனின் தாள். களைப்பு குறையாமல் கூலி மட்டும் குறைந்திருக்கிறது. இந்தக் கருவிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தினமும் ஒரு சின்ன துண்டை, நாற்பது ஐம்பது வரியை, நீங்களே எழுதுங்கள், எது சுவாரசியமோ அதை. சலிப்பானதை அதற்குக் கொடுங்கள். இப்போது பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கஷ்டமான சுவாரசியமான பகுதியை இயந்திரத்திடம் தந்துவிட்டு வெறும் அமைப்புகள் இருக்கிற கான்ஃபிக் ஃபைலைக் கையால் திருத்துகிறார்கள்.

இனி என்ன செய்வது. முதலில் ஆன்-கால், மற்றதெல்லாம் பிறகு. தூக்கம் உடைந்துகொண்டே இருக்கிற வரை நான் சொல்கிற வேறு எதுவும் ஒட்டாது.

இரண்டு வாரம் ஒரு கணக்கு எழுதுங்கள். அலர்ட் எத்தனை மணிக்கு வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், நீங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் காலைக்குள் என்ன ஆகியிருக்கும். இந்த மூன்றாவது பத்திதான் முக்கியம். நான் பார்த்தவரை இந்தக் கணக்கை எழுதியவர்கள் பலருக்கும் ஒரே அதிர்ச்சி: பாதிக்கு மேல் அலர்ட்டுக்கு மனுஷன் எழுந்திருக்கவே வேண்டியதில்லை. டிஸ்க் எண்பது சதவீதம் நிரம்பியது, அது காலை ஒன்பது மணிக்கும் எண்பத்தொரு சதவீதத்தில்தான் இருக்கும். அந்த மாதிரி அலர்ட்டுகளை ராத்திரிப் பட்டியலிலிருந்து எடுத்துப் பகல் டிக்கெட்டாக மாற்றுங்கள். எழுந்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வதைத் தவிர எதுவும் செய்யாத அலர்ட் என்றால் அந்த ரீஸ்டார்ட்டைத் தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் செய்யட்டும். கூகுளில் இந்த வேலைக்கென்றே இருக்கும் டீம்கள், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டில் இரண்டு சம்பவத்துக்கு மேல் வந்தால் அதைச் சரிப்படுத்த வேண்டிய நிலை என்றும், கையால் திரும்பத் திரும்பச் செய்கிற வேலை ஒருவருடைய நேரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் மேனேஜரிடம் பேசும்போது இது கையில் இருக்கட்டும், நீங்கள் சொகுசு கேட்கவில்லை என்பதற்கு.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வேலை பார்த்தவர் காலை ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்-அப்பில் இருக்க வேண்டியதில்லை. இதைச் சலுகையாகக் கேட்காதீர்கள், இப்படித்தான் செய்யப்போகிறேன் என்று சொல்லுங்கள். 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் அளந்து பார்த்தார்கள்: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதற்குச் சமமாக இறங்கிவிடுகிறது. பல நாடுகளில் அந்த அளவில் வண்டி ஓட்டினாலே பிடிப்பார்கள். புரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டத்தில்) கை வைக்க மட்டும் விடுகிறார்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. என் ஆறாவது வருடத்தில், காலையிலிருந்து விழித்திருந்து, அதிகாலை மூன்றரைக்கு டெஸ்ட் டேட்டாபேஸ் என்று நினைத்து புரொடக்‌ஷனில் ஒரு டேபிளை டிராப் செய்துவிட்டேன், அதாவது முழுசாக அழித்துவிட்டேன். என்டர் தட்டின அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. வயிற்றுக்குள் லிஃப்ட் அறுந்து விழுகிற மாதிரி ஓர் உணர்வு, இன்றைக்கும் மறக்கவில்லை. பேக்கப் இருந்தது, நான்கு மணி நேரத்தில் மீட்டோம். மறுநாள் கூட்டம் போட்டு, இனி டிராப் செய்யும் முன் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று விதி எழுதினார்கள், நல்ல விதிதான். ஆனால் ஓர் ஆள் இருபது மணி நேரம் ஏன் விழித்திருந்தாள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூனியர் தன் வாரத்தில் உங்களை எழுப்புவது அவர் தப்பு இல்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடிக்கடி வருகிற ஐந்தாறு அலர்ட்டுக்கு என்ன பார்ப்பது, என்ன செய்வது, எப்போது உங்களை அழைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுத்தில் இருக்கட்டும். நீங்கள் எழுதித் தர வேண்டாம், அவர் எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அரை மணி நேரம் முயன்று முடியாவிட்டால் எழுப்பலாம் என்று ஒரு விதி. முதல் மாதம் எழுப்பத்தான் செய்வார்.

அடுத்தது மேனேஜர். பலவீனமாக நினைப்பாரா? தெரியாது, சிலர் நினைப்பார்கள், பொய் சொல்ல மாட்டேன். அதனால் உங்கள் மனநிலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த இரண்டு வாரக் கணக்கையும், இப்போது உங்கள் கையில் இருக்கிற வேலைகளின் பட்டியலையும் ஒரே பக்கத்தில் எடுத்துக்கொண்டு போங்கள். கிட்டத்தட்ட இப்படிச் சொல்லலாம்: "அஞ்சு பேர் செஞ்ச வேலைய ரெண்டு பேர் செய்றோம். இது இப்படியே போனா அடுத்த மூணு மாசத்துல பெரிசா ஏதாவது உடையும், இல்ல எங்கள்ல ஒருத்தர் கிளம்புவோம். இந்தப் பட்டியல்ல எதை நிறுத்தலாம்னு நீங்க சொல்லுங்க." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அமைதி சங்கடமாக இருக்கும், நாம்தான் முதலில் விட்டுக்கொடுப்போம், பரவாயில்லை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்துவிடும். அதைச் சொல்லாதீர்கள், அதைச் சொல்லிச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறீர்கள்.

எல்லாமே முக்கியம் என்பார். பெரும்பாலும் அதுதான் முதல் பதில். அப்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட்டுத் தரச் சொல்லுங்கள், அன்று மாலையே அந்த வரிசையை அவருக்கு ஒரு மெயிலாக அனுப்பி, நான்காவதிலிருந்து இந்த மாதம் நடக்காது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சண்டை வேண்டியதில்லை. எழுத்தில் இருந்தால் போதும். நல்ல மேனேஜர் என்றால் இந்தப் பேச்சுக்காகவே காத்திருந்திருப்பார், மேலே போய் ஆள் கேட்க அவருக்கும் ஒரு காகிதம் வேண்டும். மோசமானவர் என்றால் அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய தகவல்தான், அதற்குக் கீழே வருகிறேன்.

அந்த மூன்று வரி நாட்களுக்கு. இருபது நிமிடம் ஒன்றும் நகரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள், உட்கார்ந்தே இருப்பதில் ஒரு புண்ணியமும் இல்லை. திரும்பி வந்து மாற்றத்தை எழுதாதீர்கள், என்ன மாற்ற வேண்டும் என்பதை மட்டும் சாதாரணத் தமிழில் கமெண்ட்டாக எழுதுங்கள். இல்லையென்றால் தோல்வியடைகிற ஒரு டெஸ்ட்டை மட்டும் எழுதுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஜூனியரைக் கூப்பிட்டு சத்தமாக விளக்குங்கள், பாதி விளக்கத்தில் கை தானாக ஓடும். நடுவில் சாட் மணி அடித்துக்கொண்டே இருந்தால் இது எதுவும் நடக்காது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது மனதில் ஒரு துண்டு பழையதிலேயே தங்கிவிடும் என்பதை சோஃபி லெராய் 2009இல் ஆய்வில் காட்டி, அதைக் கவன எச்சம் என்றே பெயர் வைத்தார். காலையில் ஒன்றரை மணி நேரம் சாட்டை மூடி வையுங்கள். அவசரம் என்றால் போன் பண்ணுவார்கள்.

மாலையில் கிளம்பும் முன் ஐந்து நிமிடம். எது பாதியில் நிற்கிறது, நாளைக் காலை அதில் முதல் அடி என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். முடிக்காத வேலை மனதுக்குள் வந்து வந்து தட்டுவது, எப்போது எப்படி முடிப்பேன் என்று குறிப்பாக ஒரு திட்டம் போட்டாலே அடங்கிவிடுகிறது என்று 2011இல் மசிகாம்போவும் பாமெய்ஸ்டரும் செய்த ஆய்வில் வந்தது. முடிக்கக்கூட வேண்டாம், எழுதினால் போதும். நான் இன்றும் செய்கிறேன். போனில் இருந்து ஆபீஸ் சாட்டை எடுத்துவிடுங்கள், ஆன்-கால் வாரத்தில் அலர்ட் ஆப் மட்டும் இருக்கட்டும்.

தூக்கம், நடை, வெயில் பற்றியெல்லாம் நீங்கள் நூறு இடத்தில் படித்திருப்பீர்கள், எல்லாம் சரிதான், செய்யுங்கள். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மத்தியானத்தோடு நிறுத்திவிடுங்கள்.

ராத்திரியில் தனக்காகக் கோடு எழுதிய அந்த ஆள் திரும்ப வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அவர் இப்போது வர மாட்டார், வரவும் வேண்டாம். வேலை சம்பந்தமில்லாத, திரை இல்லாத, தொடங்கினால் முடிகிற ஏதாவது ஒன்றைக் கையில் எடுங்கள்: நீச்சல், மரவேலை, ஒரு வாத்தியம், பழைய சைக்கிளைப் பிரித்து மாட்டுவது. வேலைக்குப் பிறகு ஆள் எப்படி மீள்கிறார் என்று ஆராய்ந்த சோனென்டாக், ஃபிரிட்ஸ் இருவரும் 2007இல் நான்கு விஷயங்களைச் சொன்னார்கள்: வேலையை மனதளவில் விடுவது, தளர்வாக இருப்பது, புதிதாக ஒன்றில் தேறுவது, அந்த நேரத்தை நீங்களே தீர்மானிப்பது. சோபாவில் படுத்து போனைத் தள்ளிக்கொண்டிருப்பதில் இரண்டாவது மட்டும்தான் ஓரளவு கிடைக்கிறது. வாங்கி வைத்து நீங்கள் பார்க்காத ஆன்லைன் கோர்ஸ்கள் இருக்கும், எல்லோரிடமும் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு அவற்றை மறந்துவிடுங்கள், அவை எங்கும் ஓடிப்போகாது.

தொழிலை விடுவதா? இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்வி இருக்கிறது, நீங்கள் மூன்றையும் ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறீர்கள். இந்த டீமை விடுவது, இந்தக் கம்பெனியை விடுவது, புரோகிராமிங்கையே விடுவது. மூன்றாவதை இப்போது முடிவு செய்யாதீர்கள். காய்ச்சலில் இருக்கிறபோது எந்தச் சாப்பாடும் கசக்கும், அதற்காக நாக்குக்கு அந்த ருசி செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ராத்திரி தூக்கம் ஒழுங்காகி, ஆன்-கால் அடங்கி, ஒரு மூன்று மாதம் போன பிறகும் கோடைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை என்றால் அப்போது பேசலாம், அப்படி விட்டவள்தான் நான், எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் விட்டது எரிந்துகொண்டிருந்தபோது இல்லை, அதிலிருந்து வெளியே வந்து ஒன்றரை வருடம் கழித்து.

முதல் இரண்டுக்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளலாம். மேனேஜரிடம் பேசிய நாளிலிருந்து எட்டு வாரம். அதற்குள் ஆன்-காலில் இன்னும் ஓர் ஆளாவது வர வேண்டும், அல்லது வேலைப் பட்டியலில் ஏதாவது ஒன்று உண்மையிலேயே நின்றிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை, வாக்குறுதி மட்டும் கூடிக்கொண்டே போகிறது என்றால், டீம் மாற்றம் கேளுங்கள், அதுவும் இல்லையென்றால் வெளியே தேட ஆரம்பியுங்கள். கையில் அடுத்த வேலை இல்லாமலோ சில மாதத்துக்குச் சேமிப்பு இல்லாமலோ ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். பணக் கவலை இதைவிட மோசமாகத் தூக்கத்தைக் கெடுக்கும். டாக்டர் மருத்துவ விடுப்பு எழுதித் தருகிற நிலையில் இருந்தால் அது வேறு, அப்போது வெட்கப்படாமல் எடுங்கள். புது இடத்தில் இன்டர்வியூ கொடுக்கும்போது ஆன்-காலில் எத்தனை பேர், போன மாதம் ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள் என்று நீங்கள் அவர்களைக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் புரிந்துகொள்ளலாம்.

எவ்வளவு நாளில் சரியாகும் என்று கேட்பீர்கள். மாதக்கணக்கில். நாலைந்து மாதமாக உள்ளே போன ஒன்று ஒரு வார இறுதியில் வெளியே வராது. நடுவில் ஒரு நல்ல வாரம் வரும், சரியாகிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி தலையில் போட்டுக்கொள்வீர்கள், அடுத்த வாரம் படுத்துவிடுவீர்கள். நானும் அதைச் செய்தேன். நல்ல வாரம் வந்தால் அதே அளவு வேலையே செய்யுங்கள்.

கடைசியாக அந்த ஜூனியர். இதை நீங்கள் நடுவில் ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள், ஆனால் உங்களை அதிகம் உறுத்துவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாளைக்கே பேசுங்கள். எல்லோரும் பார்க்க எழுதினீர்கள் அல்லவா, மன்னிப்பையும் அதே ரிவியூவில் அதே இடத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள், பிறகு நேரில் போய், "அன்னைக்கு நான் அப்படி எழுதினது தப்பு, உங்க கோடுல அந்த அளவுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லுங்கள். எனக்கு பர்ன்அவுட், தூக்கமில்லை, டென்ஷன் என்ற விளக்கமெல்லாம் அந்த இடத்தில் வேண்டாம், அவருக்கு அது சாக்காகத்தான் கேட்கும். அவர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்ப்பார். அந்த அலர்ட் குறிப்புகளை எழுத ஆரம்பிக்கலாமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.